பச்சைக் கதவு எரிந்த அடுப்பு

அன்று காலை ஆஸ்பத்திரியில் என் கட்டிலடியில் அம்மா இருந்தார். அக்கா வதனி, வேலை செய்யும் உடுப்புக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து நின்றாள். கரவெட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் இளம் பெண் டொக்டர் என் முன்னால் நின்றார். பக்கத்துக் கட்டில் செல்லையா ஐயாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாக எங்கள் பக்கம் திரும்பியிருந்தார். அப்பா இல்லை. அப்பா கொக்குவிலில் ஒரு பழைய வீட்டின் யன்னல்களைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நூறிலை இருந்து ஏழு ஏழாக் குறைச்சுக்கொண்டு வாங்கோ" என்றார் டொக்டர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் கம்பஸில் கணிதம் படிக்கிறவன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். பின்னேரங்களில் இணுவிலில் ஓ.எல். பரீட்சை எடுக்கும் பிள்ளைகளுக்கு ரியூசனும் சொல்லிக் கொடுக்கிறேன். என்னிடம் கேட்கிற கேள்வியா இது?

"தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு..."

அதற்கு அடுத்தது வரவில்லை. எண்பத்தாறு என்ற எண் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஏழு என்னவென்பதும் தெரிந்தது. இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்த முடியவில்லை. மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கணக்கு தெரியாது, என் முகம் தெரியும்.

"டொக்டர், அவரைக் கூட்டச் சொல்லிக் கேளுங்கோ" என்றார் செல்லையா ஐயா. "குறைக்கிறது எங்கடை ஆக்களுக்குச் சரிவராது."

அக்கா மட்டும் கொஞ்சம் சிரித்தாள். டொக்டர் தன் தாளில் எதையோ எழுதினார்.

இந்த வருத்தம் எப்படித் தொடங்கியது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது வயிற்றைத்தான். தொப்புளைச் சுற்றி யாரோ துணி பிழிவதுபோல் ஒரு நோ. வரும், இரண்டாக மடித்துப் போடும், போகும். நாட்கணக்கில் மலம் போகாது. சாப்பாட்டைக் கண்டால் வாய்க்குள் ஒரு இரும்பு ருசி. ஒரு தனியார் கிளினிக்கில் காஸ்ரைற்றிஸ் என்றார்கள், குளிசை தந்தார்கள். இன்னோர் இடத்தில் வயிற்றை ஸ்கான் செய்து ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்து, மதிலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தது ஞாபகம் இருக்கிறது.

வயிற்றுக்குப் பின்னால்தான் தலை வந்தது. ரியூசனில் ஒரு சமன்பாட்டைப் பலகையில் எழுதி, மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். அடுத்த படி கையில் வரவில்லை. பின்வாங்கிலிலிருந்து ஒருத்தி, "சேர் ஆரையோ நினைக்கிறார்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து, அழித்துவிட்டு, மறுபடி தொடங்கி, அதே வரியில் மறுபடி நின்றேன். இரண்டாம் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

வீட்டில் எரிச்சல் படத் தொடங்கினேன். தேத்தண்ணியில் சீனி குறைந்தால் கோபம், கூடினாலும் கோபம். "படிச்சுப் படிச்சு மூளை சூடாகிப் போச்சு" என்றார் அம்மா. கண்ணூறு என்று செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டார். கிளினிக்கில் ஒருவர் பரீட்சைப் பயமாக இருக்கலாம், மனநலப் பிரிவில் காட்டுங்கள் என்றார். அதற்கும் போனேன். அங்கே என்னோடு நல்லபடியாகத்தான் கதைத்தார்கள். ஆனால் அன்று வீட்டுக்கு வரும்போது, என்னிடமிருந்த ஒரே முதல் போகிறது என்று நினைத்தேன். எங்களிடம் தோட்டக் காணி இல்லை, வெளிநாட்டில் ஆட்கள் இல்லை. என் தலை ஒன்றுதான் இருந்தது. அதை நம்பித்தான் அக்கா தன் படிப்பைப் பத்தாம் வகுப்போடு விட்டாள்.

கடைசியில் ஒருநாள் ரியூசன் வாசலில் மயங்கி விழுந்து, ஓட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, வாட்டில் படுத்தேன். வாட்டு நிறைந்திருந்தது. கட்டில் கிடைக்கும்வரை விறாந்தையில் பாயில் கிடந்தேன். இரத்தம் எடுத்தார்கள், சலம் எடுத்தார்கள். காத்திருப்பது என்பதே ஒரு வேலை என்று அங்கேதான் விளங்கியது. ஒவ்வொருவரும் தன் பெயர் கூப்பிடப்படுவதற்காக ஒரு பக்கக் காதை வைத்துக்கொண்டு, மற்றக் காதால்தான் உலகத்தைக் கேட்கிறார்கள்.

கரவெட்டி டொக்டர்தான் என் வாய்க்குள் முதலில் ரோச் அடித்துப் பார்த்தவர். மற்றவர்கள் வயிற்றை அமுக்கினார்கள். அவர் உதட்டை விலக்கினார். பல்லும் முரசுச் சதையும் சேரும் இடத்தில், மையால் கோடு கீறியதுபோல் நீலக் கறுப்பாக ஒரு வரி ஓடியது. எனக்கே தெரியாது. கண்ணாடியில் காட்டினார். பிறகு என் இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்கள், சிவப்பு அணுக்களில் புள்ளி புள்ளியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள்.

"அப்பா என்ன வேலை?" என்று டொக்டர் கேட்டார்.

"சொந்தமாச் செய்யிறார்" என்றார் அம்மா.

"சொந்தமா எண்டால், என்ன?"

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டார். "பெயின்ற் அடிக்கிறவர் பிள்ளை."

டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அதுவரை எந்த டொக்டரும் எங்கள் பக்கத்தில் இருந்து கதைத்ததில்லை.

ஈயம் என்றார். பழைய காலத்துப் பெயின்றில் நிறத்துக்கும் நிலைப்புக்கும் ஈயம் கலந்திருக்கும். அதைச் சுரண்டினால் தூளாகவும், சூடாக்கினால் புகையாகவும் உள்ளே போகும். இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். எனக்குக் கணக்குகூட ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் ஒரு துண்டுத் தாளில் பூட்டொன்று கீறினார்.

"நொதியம் படிச்சிருப்பியளே? உடம்பிலை நடக்கிற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நொதியம். பூட்டு மாதிரி. சரியான திறப்புப் போனால்தான் வேலை நடக்கும். சில பூட்டுக்குள்ளை நாகம் எண்ட உலோகம் கொஞ்சம் இருக்கோணும். ஈயம் வந்து அந்த நாகத்தைத் தள்ளிப்போட்டுத் தான் இருக்கும். பிறகென்ன, முறிஞ்ச கம்பி உள்ளுக்கை கிடக்கிற பூட்டு மாதிரித்தான். திறப்பு உங்களிட்டை இருக்கும், போகாது."

அப்படிப் பூட்டுப்பட்ட நொதியங்களில் ஒன்று இரத்தம் செய்வதற்கானது. அதனால்தான் நான் வெளிறிப்போயிருந்தேன். பாதியில் நின்ற வேலையின் மிச்சச் சாமான் உடம்பில் தேங்கி, மூளையையும் நரம்பையும் தொந்தரவு செய்யும். போதாததற்கு ஈயம் கல்சியம்போல் நடித்து மூளைக்குள்ளேயே போய், நரம்புகள் ஒன்றோடொன்று கதைப்பதைக் குழப்பும். வயிற்று நோவும் அதுவே, மறதியும் அதுவே, கோபமும் அதுவே.

"முழுக்கத் திரும்பி வருமோ?"

"பெரியாக்களுக்குக் கனக்க வரும். முழுக்க எண்டு நான் இப்ப சொல்லமாட்டன்."

பொய் சொல்லாததற்காக அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது. ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாமே என்றும் இருந்தது.

ஈயத்தைக் கவ்வி, சலத்தோடு வெளியே கொண்டுபோகும் மருந்து உண்டு. ஆஸ்பத்திரியில் அப்போது அது தட்டுப்பாடு. அக்கா கடை முதலாளியிடம் முன்பணம் வாங்கி, தெரிந்த ஒருவர் மூலம் கொழும்பிலிருந்து எடுப்பித்தாள். சேலைன் போத்தலில் கலந்து துளித் துளியாக ஏற்றினார்கள். ஒவ்வொரு நாளும் மத்தியானம் அக்கா கடையிலிருந்து ஓடிவந்து, சோற்றுக் கரியரைத் திறந்து வைத்துவிட்டு, நான் சாப்பிடும் முன் திரும்ப ஓடுவாள். செல்லையா ஐயாவுக்கும் ஒரு பங்கு இருக்கும். அவருடைய மகன்மார் நோர்வேயில். அவர்கள் போனில் மட்டும் வருவார்கள்.

"உம்மடை அக்கா கத்தரிக்காயை உப்பிடிக் குழம்பு வைச்சால், நான் சுகப்பட்டும் போகமாட்டன் காணும்" என்பார் அவர்.

மெல்ல நோ விட்டது. சாப்பாடு ருசித்தது. அளவு குறைந்திருக்கிறது என்று கொழும்பிலிருந்து வந்தது. "எலும்பிலை கிடக்கிறது கொஞ்சம் திரும்ப இரத்தத்துக்கு வரும், பயப்பிடாதேங்கோ. பெயின்ற் தூளுக்குக் கிட்டப் போகாதேங்கோ" என்று சொல்லி விட்டார்கள். நான் அப்பாவோடு வேலைக்குப் போனது கம்பஸ் விடுமுறையில் சில கிழமைகள்தான். இனிப் போகாவிட்டால் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

வீட்டுக்கு வந்த என்னை அம்மா பச்சைப் பிள்ளையைப்போல் பார்த்தார். வளவில் பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, அளவான சூட்டில் வார்த்தார். இரண்டு நேரம் கொத்தமல்லி அவித்துத் தந்தார். குளிர்கிறது என்றால், "அடுப்படியிலை வந்து இரு தம்பி, சூடு பிடிக்கும்" என்று பலகையைப் போட்டுத் தருவார். நான் குசினியில் அடுப்புக்கு முன்னால் புத்தகத்தோடு இருப்பேன். அம்மா முருங்கைக்காய் வெட்டுவார். வாழ்க்கையில் நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்து இருந்ததில்லை. அவை நல்ல நாட்கள் என்றுதான் நான் இன்றும் சொல்வேன். அதுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் களைக்கப்பண்ணுவது.

அப்பா பின்னேரம் வந்து வாசலில் நின்று, "எப்பிடி?" என்பார். "பரவாயில்லை" என்பேன். கிட்ட வரமாட்டார், உடுப்பில் தூள் இருக்கும் என்ற பயம். தேத்தண்ணிக் கோப்பையை வாங்கும்போது அவருடைய வலது கை மணிக்கட்டோடு தொய்யும். இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார்.

"திரும்பத் தொடங்கிட்டியளோ?" என்பார் அம்மா. "கையைப் பார்க்கத் தெரியுது."

அப்பா முன்பு குடித்தவர். கந்தசுவாமி கோவிலில் நேர்ந்து விட்டுவிட்டதாகச் சொன்னார். பிரஷ் கையிலிருந்து நழுவத் தொடங்கிய பிறகு ஒருவரும் அதை நம்பவில்லை. அவரும் எதிர்த்துக் கதைப்பதை நிறுத்தியிருந்தார்.

மாதம் முடியும் முன் வயிறு மறுபடி பிழியத் தொடங்கியது. கிளினிக்கில் எடுத்த இரத்தத்தில் அளவு முன்னையதைத் தாண்டியிருந்தது. அதே வாட்டு, அதே மின்விசிறி. செல்லையா ஐயாவும் இரண்டாம் தரம் வந்திருந்தார். "வாரும் காணும்! உமக்கெண்டுதான் கட்டிலைப் பிடிச்சு வைச்சனான்" என்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

டொக்டர் இரண்டு பரிசோதனைத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இஞ்சை இருந்தால் குறையுது. வீட்டை போனால் கூடுது. எலும்பிலை இருந்து வாறதெண்டால் இவ்வளவு வராது. வீட்டிலை என்ன சாப்பிடுறியள்? தண்ணி எங்கை அள்ளுறியள்? ஏதும் செந்தூரம், பற்பம் குடுத்தனீங்களோ அம்மா?"

"ஐயோ இல்லைப் பிள்ளை. நல்ல சாப்பாடுதான். நானே பார்த்துப் பார்த்துச் செய்யிறன்."

"அப்ப வீட்டைப் படம் எடுத்துக்கொண்டு வாங்கோ. கிணறு, குசினி, படுக்கிற இடம், எல்லாம்."

மறுநாள் அக்கா போனில் எடுத்து வந்தாள். டொக்டர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கிணறு, வாளி, என் மேசை, கீரைப் பாத்தி. குசினிப் படத்தில் விரல் நின்றது. பெரிதாக்கினார். அடுப்புக்குப் பக்கத்தில், சுவரோடு சாத்தி அடுக்கியிருந்த விறகு. ஒரு அந்தத்தில் கறுப்பாகக் கரிந்து, மற்ற அந்தத்தில் பச்சை.

"உது என்ன விறகு?"

"பழைய கதவு டொக்டர்" என்றாள் அக்கா. "யன்னலும் இருக்கு. அப்பா வேலை செய்யிற வீடுகளிலை உழுத்துப்போனதைக் கழட்டி எறிவினம். அவர் கேட்டுக் கொண்டு வாறவர்."

காஸ் சிலிண்டருக்காகத் தெருவில் வரிசை நின்ற வருசத்தில் தொடங்கிய பழக்கம் அது. காஸ் பிறகு வந்தது, விலை எங்களுக்கு எட்டவில்லை. கொக்குவிலில் வெளிநாட்டுக்காரர் பழைய வீடுகளைத் திருத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குக் குப்பை, எங்களுக்கு விறகு. காய்ந்த மரம், பெயின்றும் சேர்ந்து நன்றாகப் பிடித்து எரியும். அம்மா அப்பாவைப் பற்றி நல்லதாகச் சொல்லும் ஒரே விஷயம் அந்த விறகுதான்.

டொக்டர் போனை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சாம்பலை என்ன செய்வியள் அம்மா?"

அம்மா விரலை மடக்காமல், சாதாரணமாகச் சொன்னார். சட்டி பானை விளக்குவேன். மீன் வெட்டேக்கை வழுக்காமல் இருக்க எடுப்பேன். மிச்சத்தைப் பூச்சிக்குக் கீரையிலை தூவுவேன். சொல்லிக்கொண்டு வந்தவர், கீரை என்ற சொல்லில் நின்றார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து இரத்தம் ஊறும் என்று தினமும் எனக்குக் கீரை கடைந்து தந்தவர் அவர்.

ஈயம் எரிந்து போவதில்லை. மரம் எரியும், பெயின்ற் எரியும், ஈயம் கொஞ்சம் புகையோடு போகும், மிச்சம் சாம்பலில் தங்கும். உடம்பில் இரத்தம் குறைந்தவனுக்கு அது இன்னும் வேகமாக ஏறும். டொக்டர் இதை எங்களுக்கு விளங்கப்படுத்தினார். அம்மா கேட்டாரா என்று தெரியவில்லை.

"அப்ப நான்தானே" என்றார்.

"அம்மா, உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லியிருக்கோணும்."

"நான்தானே பிள்ளை ஊட்டினது."

செல்லையா ஐயா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

வீட்டில் எல்லோருக்கும் இரத்தம் பார்க்க வேண்டும் என்றார்கள். அம்மாவும் அக்காவும் கொடுத்தார்கள். அப்பாவைக் கூட்டிவர அக்கா இரண்டு தரம் சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் வந்தார், வெள்ளை வேட்டியும் தோய்த்த சேட்டுமாக, வாட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு. என்னைப் பார்த்துத் தலையாட்டினார். டொக்டர் அவருடைய இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னார், உள்ளங்கை கீழே பார்க்க. இடக்கை நின்றது. வலக்கை மணிக்கட்டில் முறிந்த கொப்புப்போல் தொங்கியது. தூக்கச் சொன்னார். விரல்கள் அசைந்தன, கை எழும்பவில்லை.

"கனகாலமோ?"

"ஒரு ரெண்டு வருசம்."

"குடிக்கிறனீங்களோ ஐயா?"

கேட்க வேண்டிய கேள்விதான். அப்பா வாசலில் கழற்றிவிட்ட செருப்பைப் பார்த்தார். எத்தனையோ தரம் சொல்லி அலுத்தவர்.

"அவர் குடிக்கிறதில்லை" என்றார் அம்மா. குரல் வாட்டு முழுக்கக் கேட்டது. "விட்டுட்டார். கோவிலிலை நேர்ந்து விட்டவர். எழுதுங்கோ பிள்ளை, அவர் குடிக்கிறதில்லை."

அப்பா அம்மாவைப் பார்த்தார். தொங்கிய கையை மற்றக் கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஈயம் தசைக்குப் போகும் நரம்பையும் பிடிக்கும். பிரஷ் பிடிக்கும் கையை முதலில் பிடிக்கும். நான்கு பேரில் அவருக்குத்தான் அளவு அதிகம். அம்மாவுக்கும் அக்காவுக்கும் மருந்து ஏற்றும் அளவுக்கு இல்லை. எனக்குப் பக்கத்தில் கட்டில் இல்லாததால் நான்கு கட்டில் தள்ளிப் படுத்தார். ஒரே மருந்து, ஒரே வகைப் போத்தல். துளி விழுவதைப் பார்த்துக்கொண்டே ஒருநாள், "உனக்கு முந்தி முடிஞ்சிடும் போலை" என்று கத்திச் சொன்னார். அவர் பகிடி விட்டு நான் கேட்டது நெடுங்காலத்துக்குப் பிறகு.

வீட்டில் அக்கா தனியாக எல்லாவற்றையும் செய்தாள். மிச்சக் கதவுகளை எரிக்காமல் கட்டி ஒதுக்கினாள். ஈரத் துணியால் குசினிச் சுவரைத் துடைத்தாள். கீரையைப் பிடுங்கி, பாத்தி மேல்மண்ணை வழித்து, பிரதேச சபையில் கேட்டு அப்புறப்படுத்தினாள். அம்மா கொஞ்ச நாள் சமைக்கப் பயந்தார். உப்பைப் போடும்போதும், "இது போடலாமோ?" என்று அக்காவைக் கேட்பார். இதை வாசிக்கிறவர்கள் பழைய பெயின்ற் பூசிய பலகையை அடுப்பில் வைக்காமல் விட்டால், அம்மாவுக்குச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கும்.

ஒரு சுற்று மருந்து, இடைவெளி, மறுபடி ஒரு சுற்று. இந்த முறை வீட்டுக்குப் போய் வந்த பிறகும் அளவு ஏறவில்லை. அப்பாவின் கை பாதி எழும்புகிறது. வேலை செய்ய விடமாட்டோம் என்கிறோம். சுரண்டாமல் புதுச் சுவருக்கு மட்டும் அடிப்பேன், ஈரத்தில் மட்டும் தேய்ப்பேன் என்கிறார். அந்த வழக்கு முடியவில்லை. மருந்துச் செலவுக்குத் தன் மோட்டர் சைக்கிளை விற்றுவிட்டதால் இப்போது சைக்கிளில்தான் போக வேண்டும்.

கடைசிக் கிளினிக் நாளில் கரவெட்டி டொக்டர் மறுபடி கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாக. எழுபத்தொன்பது வந்தது. எழுபத்திரண்டு. ஐம்பத்தொன்றில் கொஞ்சம் நின்றேன். நாற்பத்து நான்கு என்று தானாக வந்தது. இரண்டு வரை போனேன். முன்பென்றால் மூச்சு விடாமல் சொல்லியிருப்பேன். இப்போது ஒவ்வொரு படியிலும் கைபிடியைப் பிடித்து இறங்குகிறேன். "வரும்" என்றார் டொக்டர். முழுக்க என்று இப்போதும் சொல்லவில்லை. கம்பஸில் இந்த வருடத்தைத் திரும்பப் படிக்கிறேன்.

அன்று பின்னேரம் புதுக் காஸ் அடுப்பில் அம்மா தேத்தண்ணி வைத்தார். நாங்கள் நால்வரும் குசினியிலேயே இருந்து குடித்தோம்.

"விறகு சும்மா தானே வந்தது எண்டு சந்தோசப்பட்டனான்" என்றார் அம்மா. "மெய்யா எவ்வளவு முடிஞ்சுது?"

அக்கா கூட்டிப் பார்க்கப் போனை எடுத்தாள். அப்பா, "வை அதை. அவன் சொல்லட்டும்" என்றார். அக்கா வாயால் சொல்லச் சொல்ல நான் மனதில் கூட்டினேன். முதலில் அலைந்த கிளினிக்குகளும் ஸ்கானும் முப்பத்தோராயிரத்து எழுநூற்றைம்பது. கொழும்புக்கு அனுப்பிய இரத்தம் எல்லோருக்குமாக நாற்பத்தாறாயிரத்து ஐந்நூறு. வெளியில் வாங்கிய மருந்து எண்பத்தெட்டாயிரம். ஓட்டோவும் சாப்பாடும் பத்தொன்பதாயிரத்து நானூறு. அடுப்பும் சிலிண்டரும் இருபத்தோராயிரத்து அறுநூறு. ஒரு தரம் கூட்டினேன். சொல்லாமல், பின்பக்கத்திலிருந்து மறுபடி கூட்டினேன். மூவரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தரமும் ஒரே விடைதான் வந்தது: இரண்டு லட்சத்து ஏழாயிரத்து இருநூற்றைம்பது ரூபா.